கையைச் சாய்த்தால் ஆள் தாவுமா? மோஷன் கன்ட்ரோல் பற்றி ஓர் ஆரம்பப் பாடம்

சுவரில் நாலு எட்டு பக்கவாட்டில் ஓடி, எதிரே நீட்டியிருக்கும் கம்பியைப் பிடித்துச் சுழன்று, அங்கிருந்து ஒரு விளிம்பில் தொற்றிக்கொண்டு, கீழே நிற்கும் காவலன் தலையில் குதிப்பது. இந்த மாதிரி வித்தைகளுக்காகவே ஆடப்படும் கேம்கள் ஒரு தனி வகை. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, அன்சார்ட்டட், கிராவிட்டி ரஷ் எல்லாம் அந்த வகையில் வருபவை. சண்டையும் உண்டு, புதிரும் உண்டு. ஆனாலும் ஓடுவதும் தாவுவதும் தொங்குவதும்தான் இவற்றின் உயிர்.

இவற்றைக் கன்ட்ரோலரின் பட்டனும் ஸ்டிக்கும் (கட்டைவிரலால் தள்ளும் குட்டிக் குச்சி) வைத்து ஆடுவது பழக்கமான வழி. கன்ட்ரோலரையே சாய்த்து, திருப்பி, வீசி ஆடுவது இன்னொரு வழி. அதைத்தான் மோஷன் கன்ட்ரோல் என்கிறார்கள். புதிதாக ஆட வருபவர்களில் நிறையப் பேர் இதைப் பார்த்ததும் செட்டிங்ஸுக்குப் போய் அணைத்துவிடுகிறார்கள். கை போகிற பக்கம் ஆள் போகவில்லை, வீசினால் இரண்டு முறை வெட்டுகிறது, குறி எங்கோ நகர்ந்து போகிறது என்று காரணம் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மோஷன் கன்ட்ரோலை எந்த வேலைக்கு வைக்க வேண்டும் என்று சரியாக யோசிக்காத கேம்கள் நிறையவே வந்திருக்கின்றன. சரியாக யோசித்த கேம்களில் அது தரும் சுகமோ வேறு எதிலும் கிடைக்காது.

என் கணக்கு எளிமையானது. ஒரு வித்தையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எப்போது தாவுவது என்பது ஒன்று. எந்தப் பக்கம், எவ்வளவு என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விரல்தான் சரியான ஆள். இரண்டாவது கேள்வியைக் கைக்குக் கொடுக்கலாம். இது ஏன் என்று புரிய, கன்ட்ரோலருக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

உள்ளே இருக்கும் இரண்டு சென்சார்கள்

முதலாவது ஆக்சிலரோமீட்டர். ஓடும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் பிரேக் போட்டால் உடம்பு முன்னால் சாய்கிறது, வண்டியைக் கிளப்பினால் பின்னால் போகிறது. வெளியே பார்க்காமலே வண்டி என்ன செய்கிறது என்று தெரிந்துவிடுகிறது. கன்ட்ரோலருக்குள் இருக்கும் சிப்பிலும் இதே கதைதான். மிக மிகச் சின்னதான ஒரு சிலிக்கான் துண்டு, அதைவிட மெல்லிய சிலிக்கான் ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. கன்ட்ரோலர் வேகமெடுத்தால் அந்தத் துண்டு கொஞ்சம் பின்தங்கும். அதிலிருந்து சீப்புப் பற்கள் போல நீண்டிருக்கும் விரல்களுக்கும் பக்கத்தில் அசையாமல் நிற்கும் விரல்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் மின்தேக்கத் திறன், அதாவது அவற்றுக்கிடையே மின்னூட்டத்தைச் சேமிக்கும் அளவு, மாறும். அந்த மாற்றத்தை அளந்துதான் "இவ்வளவு வேகமாற்றம், இந்தத் திசையில்" என்று சிப் சொல்கிறது.

இதில் ஓர் அழகு இருக்கிறது. கன்ட்ரோலர் சும்மா இருக்கும்போதும் பூமி அந்தச் சிலிக்கான் துண்டை இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. அதனால் மேசையில் கிடக்கும் கன்ட்ரோலருக்கும் கீழே எந்தப் பக்கம் என்று தெரியும். கீழ்ப்பக்கம் தெரிந்தால் எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும். போனைப் படுக்கையாகத் திருப்பினால் படமும் கூடவே திரும்புவது இப்படித்தான்.

ஆனால் பஸ்ஸில் கண்ணை மூடி நிற்பவருக்கு இருக்கும் குழப்பம் இதற்கும் உண்டு. உடம்பு பின்னால் இழுபடுகிறது என்றால் வண்டி வேகமெடுக்கிறதா, மேடு ஏறுகிறதா? இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆக்சிலரோமீட்டருக்கும் அதேபோல, கையைச் சாய்த்தீர்களா அல்லது உதறினீர்களா என்று அந்தக் கணத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொரு குறையும் உண்டு. போனை மேசையில் தட்டையாக வைத்து, தூக்காமல், கடிகார முள் போலச் சுற்றிப் பாருங்கள். பூமி இழுக்கும் திசை அதற்கு மாறவே இல்லை. அதனால் நீங்கள் சுற்றியது ஆக்சிலரோமீட்டருக்குத் தெரியாது.

அந்தக் குறையைத் தீர்க்க வருவதுதான் இரண்டாவது சென்சாரான கைரோஸ்கோப். பப்ஜி ஆடிய யாருக்கும் 'கைரோ' என்ற பேர் புதிதில்லை. ஸ்கோப் போட்டபின் போனை லேசாகத் திருப்பிக் குறி வைப்பார்களே, அதே கைரோதான். இதற்குள்ளும் ஒரு குட்டித் துண்டு இருக்கிறது, ஆனால் அது ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். கன்ட்ரோலரைத் திருப்பினால் அந்த அதிர்வு பக்கவாட்டில் விலகும். விலகலை அளந்தால் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறோம் என்று கிடைத்துவிடும்.

கைரோ சொல்வது திரும்பும் வேகத்தை மட்டும்தான், நிற்கும் கோணத்தை அல்ல. கோணம் வேண்டுமென்றால் ஒவ்வொரு நொடித்துளியின் வேகத்தையும் கூட்டிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு அளவிலும் துளியூண்டு பிழை இருக்கும், கூட்டக் கூட்டப் பிழையும் கூடும். கொஞ்ச நேரம் ஆடியபின் கையை நேராக வைத்திருந்தும் திரையில் குறி ஓரமாகப் போய் நிற்பது இதனால்தான். கன்ட்ரோலர் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம், கைரோவின் இயல்பே அது. அதனால் கன்சோல்கள் இரண்டு சென்சார்களையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. சட்டென்று நடக்கும் திருப்பத்துக்குக் கைரோவை நம்பும். மெதுவாகச் சேரும் பிழையைத் திருத்த, ஆக்சிலரோமீட்டர் காட்டும் கீழ்த்திசையை நம்பும். ஆனாலும் இட வலத் திருப்பத்தில் சேரும் பிழையை இப்படித் திருத்த முடியாது, ஏனென்றால் கீழ்த்திசை அதில் மாறுவதே இல்லை. அதற்காகத்தான் பல கேம்களில் 'நடுவுக்குக் கொண்டுவா' என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள்.

வீ வந்த காலம்

நிண்டெண்டோவின் வீ கன்சோல் 2006 நவம்பரில் அமெரிக்காவிலும் டிசம்பரில் ஜப்பானிலும் வந்தது. மொத்தம் பத்துக் கோடிக்கு மேல் விற்றது. டிவி ரிமோட் போல ஒரு கையில் பிடிக்கும் வீ ரிமோட், அதிலிருந்து ஒயரில் தொங்கும் நன்சக் என்று இரண்டு துண்டுகள். இரண்டிலும் ஆக்சிலரோமீட்டர் உண்டு. கைரோ கிடையாது. அது 2009இல் வீ மோஷன்பிளஸ் என்ற ஒட்டுப்பெட்டியாகத் தனியாக வந்தது.

கைரோ இல்லாமல் திரையைச் சுட்டிக்காட்டுவது எப்படி என்ற கேள்விக்கு நிண்டெண்டோ கண்டுபிடித்த பதில் எனக்கு மிகவும் பிடித்தமானது. டிவிக்கு மேலோ கீழோ வைக்கும் பட்டைக்கு 'சென்சார் பார்' என்று பேர். பேர்தான் அப்படி, அதில் சென்சாரே கிடையாது. இரண்டு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். கேமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. அந்தக் கேமரா இரண்டு ஒளிப்புள்ளிகளைப் பார்க்கும். புள்ளிகள் நகர்ந்தால் ரிமோட் திரும்பியிருக்கிறது, இரண்டும் நெருங்கினால் நீங்கள் டிவியை விட்டுத் தள்ளிப் போயிருக்கிறீர்கள், கோடு சாய்ந்தால் மணிக்கட்டைச் சுழற்றியிருக்கிறீர்கள். பட்டை உடைந்துபோனால் இரண்டு மெழுகுவத்திகளை அந்த இடைவெளியில் ஏற்றி வைத்தும் ஆடலாம். எதிரே வெயில் விழும் ஜன்னல் இருந்தால் ரிமோட் குழம்புவதும் இதே காரணத்தால்தான்.

இந்தக் கன்சோலுக்கு 2007இல் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: ரைவல் ஸ்வார்ட்ஸ் வந்தது. யூபிசாஃப்ட் 2005இல் வெளியிட்ட தி டூ துரோன்ஸ் கேமையே வீக்கு ஏற்ப மாற்றிய வடிவம் அது. பாபிலோன் நகரத்தின் கூரைகளிலும் சுவர்களிலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டமும் தாவலும் ஸ்டிக்கிலும் பட்டனிலும் அப்படியே இருந்தன. வாள்வீச்சு மட்டும் கைக்கு மாறியது. ரிமோட்டை வீசினால் வலக்கை ஆயுதம், நன்சக்கை வீசினால் இடக்கை ஆயுதம்.

கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வீச்சு சென்சாருக்கு எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். நீங்கள் வலப்பக்கம் வீசப் போகிறீர்கள். அதற்கு முன் ஓங்குவதற்காகக் கை கொஞ்சம் இடப்பக்கம் போகும். சென்சார் காட்டும் அளவைக் கோடாக வரைந்தால் அங்கே ஒரு சின்ன மேடு. பிறகு வலப்பக்கம் வேகமெடுக்கும், அது பெரிய மேடு. கடைசியில் கை நிற்க வேண்டும். நிற்பதென்றால் எதிர்த்திசையில் வேகமாற்றம், அங்கே இன்னொரு பெரிய மேடு. ஒரே ஒரு வீச்சுதான், ஆனால் சென்சாரில் மூன்று மேடுகள். இதில் எது உண்மையான வெட்டு? முதல் மேட்டிலேயே முடிவெடுத்தால் ஓங்கியதையே வெட்டாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து. கடைசி மேடு வரை காத்திருந்தால் தாமதம். நடுவில் ஓர் எல்லை வைத்து, அதைத் தாண்டினால் வெட்டு என்று வைத்தால், பலமாக வீசுபவருக்கு இரண்டு வெட்டு விழும், மெல்ல வீசுபவருக்கு ஒன்றுகூட விழாது.

பட்டனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அழுத்தியிருக்கிறது, அல்லது அழுத்தவில்லை. நொடிக்கு 60 ஃப்ரேம் (திரையில் மாறும் படங்கள்) ஓடும் கேமில் ஒரு ஃப்ரேம் என்பது சுமார் 16.7 மில்லி நொடி. பட்டன் அழுத்திய சேதி ஓரிரு ஃப்ரேமில் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு முழு வீச்சு முடிவதற்குள் அந்த மாதிரி ஃப்ரேம்கள் பத்துக்கு மேல் ஓடிப்போயிருக்கும். டூ துரோன்ஸ் கேமில் எதிரியின் பின்னால் பதுங்கிப் போய்ப் பாய்ந்து, கத்தி மின்னும் கணத்தில் குத்த வேண்டிய கட்டங்கள் உண்டு. கணம் தப்பினால் எதிரி உதறித் தள்ளிவிடுவான். இந்த அளவு நறுக்கென்ற டைமிங் கேட்கும் இடத்துக்கு வீச்சு பொருந்தாத ஒன்று.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. ரைவல் ஸ்வார்ட்ஸில் நீங்கள் எந்தக் கோணத்தில் வீசினாலும் உங்கள் கையின் கோணத்தை வாள் அப்படியே பின்தொடர்வதில்லை. ஆக்சிலரோமீட்டரை மட்டும் வைத்து அதைச் செய்யவும் முடியாது. அதாவது 'எந்தப் பக்கம், எவ்வளவு' என்ற கேள்விக்குக் கை அங்கே பதில் சொல்லவே இல்லை. 'எப்போது' என்பதை மட்டும், பட்டனைவிட மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இளவரசனின் சுவரோட்டத்தை விரலுக்கு விட்டது சரியான முடிவு. வாளையும் விரலுக்கே விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

சோனியும் அதே சமயத்தில் பிளேஸ்டேஷன் 3இன் சிக்ஸ்ஆக்சிஸ் கன்ட்ரோலரோடு களத்தில் இறங்கியது. 2007இல் வந்த லேர் என்ற கேமில் டிராகன் மேல் ஏறிப் பறக்க வேண்டும். திருப்புவதெல்லாம் கன்ட்ரோலரைச் சாய்த்துத்தான். சாய்ப்பது சரி. ஆனால் பின்பக்கம் அப்படியே திரும்ப வேண்டுமென்றால் கன்ட்ரோலரைச் சட்டென்று உதற வேண்டும். சாய்வும் உதறலும் ஒரே சென்சாருக்குப் போனால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோமே, அதுதான் நடந்தது. குறைகள் குவிந்தன. 2008 ஏப்ரலில் ஸ்டிக்கால் பறக்கும் வழியை அப்டேட்டாகச் சேர்த்தார்கள். அதே 2007இல் வந்த அன்சார்ட்டட் முதல் பாகத்திலோ, பள்ளத்தின் குறுக்கே கிடக்கும் மரத்தண்டு மேல் நடக்கும்போது கன்ட்ரோலரைச் சாய்த்துச் சமநிலை பார்க்க வேண்டும். சின்ன வேலை, ஆனால் சரியான இடம். அங்கே அவசரம் இல்லை, 'எவ்வளவு' என்பது மட்டும்தான் கேள்வி.

விழுவதையே வித்தையாக்கிய கேம்

சோனியின் கையடக்கக் கன்சோல் பிஎஸ் வீட்டாவுக்கு 2012இல் கிராவிட்டி ரஷ் வந்தது. கெய்ச்சிரோ தோயாமா இயக்கியது. மோஷன் கன்ட்ரோலை ஒருவருக்குப் புரியவைக்க ஒரே ஒரு கேம்தான் காட்டலாம் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கதாநாயகி பேர் கேட். பழைய ஞாபகம் எதுவும் இல்லாமல், வானத்தில் மிதக்கும் ஹெக்ஸ்வில் நகரத்தில் கண் விழிக்கிறாள். கூடவே டஸ்டி என்ற பூனை. அந்தப் பூனையால் அவளுக்கு ஒரு சக்தி கிடைக்கிறது. ஈர்ப்புவிசை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று அவளே தீர்மானிக்கலாம். அவளுக்குப் பறக்கத் தெரியாது. அவள் செய்வதெல்லாம் விழுவதுதான், தான் விரும்பிய திசையில். எதிர்ச் சுவரைக் கீழ்ப்பக்கமாக ஆக்கிவிட்டால் அந்தச் சுவரை நோக்கி விழுவாள், அதன் மேலேயே நின்று நடப்பாள்.

செய்முறை இப்படி. வலது தோள் பட்டனை (மேல் விளிம்பில் இருப்பது) ஒரு முறை அழுத்தினால் கேட் தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் நிற்பாள். திரை நடுவில் ஒரு குறி தெரியும். குறியை எங்கே வேண்டுமோ அங்கே கொண்டுபோய், அதே பட்டனை மறுபடி அழுத்தினால் அந்தத் திசையில் விழத் தொடங்குவாள். இடது தோள் பட்டனை அழுத்தினால் சக்தி விலகி, எல்லோருக்குமான கீழ்ப்பக்கத்துக்கே வந்துவிடுவாள். எப்போது விழுவது, எப்போது நிறுத்துவது இரண்டும் விரலுக்கு. குறியை நகர்த்துவது ஸ்டிக்கிலும் முடியும், வீட்டாவையே கையில் திருப்பியும் முடியும். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

அந்த 'ஒரே நேரத்தில்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் இருக்கும் மணிக்கூண்டுக்குப் போக வேண்டுமா? கட்டைவிரலால் ஸ்டிக்கைத் தள்ளி ஏறக்குறைய அந்தப் பக்கம் திரும்பிவிடலாம். கடைசியில் அந்தக் கூண்டின் விளிம்பில் குறியை நிறுத்தும் பொடி வேலைக்கு ஸ்டிக் தடுமாறும், கொஞ்சம் தள்ளினாலே தாண்டிப் போய்விடும். அந்தக் கடைசித் துளியை மணிக்கட்டு செய்கிறது. வீட்டாவை ஒரு விரற்கடை திருப்பினால் குறியும் அவ்வளவே நகர்கிறது. அப்புறம் பட்டன். கேட் தலைகுப்புற அந்தக் கூண்டை நோக்கிப் பாய்கிறாள். கொஞ்ச நேரம் ஆடியபின், குறி வைக்கிறோம் என்ற நினைப்பே போய்விடும். பார்க்கிற பக்கம் கை தானாகத் திரும்பும்.

வீட்டாவில் இது இவ்வளவு இயல்பாக அமைந்ததற்கு இன்னொரு காரணம், திரையும் சென்சாரும் ஒரே பொருளில் இருப்பது. கையைத் திருப்பினால் படமும் கையோடு திரும்புகிறது. டிவி முன்னால் கன்ட்ரோலரோடு உட்கார்ந்தால் கை திரும்பும், திரை அப்படியே நிற்கும். மூளை இரண்டையும் இணைத்துப் பழகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். 2015 கடைசியில் ஜப்பானிலும் 2016இல் மற்ற நாடுகளிலும் பிளேஸ்டேஷன் 4இன் பெரிய திரைக்கு இந்தக் கேம் வந்தபோதும் அந்தக் கன்ட்ரோலரின் கைரோவால் அதே வேலை நடந்தது, ஆனால் வீட்டாவில் ஆடியவர்கள் பழைய சுகத்தைத்தான் சொல்வார்கள்.

அடுத்து, சறுக்கல். வீட்டாவின் திரையின் இரண்டு கீழ்மூலைகளிலும் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்தால் கேட் தரையோடு ஒட்டிச் சறுக்கிக்கொண்டு ஓடுவாள். தெருவே சாய்ந்துவிட்ட மாதிரி. இரண்டு கட்டைவிரலும் திரையில் மாட்டிக்கொண்டதால் ஸ்டிக்கைத் தொட முடியாது. மிச்சம் இருப்பது கை மட்டும்தான், வீட்டாவைச் சாய்த்துத்தான் வளைக்க வேண்டும். வேறு வழி கொடுக்காமல் மோஷன் கன்ட்ரோலை ஒரு கேம் கட்டாயமாக்கினால் எனக்குப் பொதுவாகக் கோபம் வரும். இங்கே வராததற்குக் காரணம், சறுக்கும்போது கேட்கப்படுவது ஒரே ஒரு அளவுதான்: இடமா வலமா, எவ்வளவு. அதைச் சாய்வு அழகாகச் சொல்லிவிடும்.

இந்தக் கேமில் திசை குழம்பிப்போவது சகஜம். கூரையே தரையாகி, தரை பக்கவாட்டில் நின்றால் யாருக்கும் தலை சுற்றும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் அடையாளம் சின்னது, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. கேட்டின் தலைமுடியையும் கழுத்துத் துணியையும் பாருங்கள். அவள் சுவரில் செங்குத்தாக நின்றாலும் அவை நகரத்தின் உண்மையான கீழ்ப்பக்கம் நோக்கியே தொங்கும். குழம்பினால் அவள் கழுத்தைப் பார்த்தால் போதும்.

தப்பு செய்தால் கேம் எவ்வளவு பொறுத்துக்கொள்கிறது என்பதும் முக்கியம். கையின் கோணம் ஒருபோதும் பட்டன் அளவுக்குத் துல்லியமாக இருக்காது, சில பாகை தப்பத்தான் செய்யும். கிராவிட்டி ரஷ்ஷில் குறி தப்பி வேறு சுவரில் போய் விழுந்தால் உயிர் போகாது. எழுந்து மறுபடி மிதக்கலாம். சக்திக்கு ஓர் அளவுமானி உண்டு, அது தீர்வதற்குள் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவிலும் தவறினால் நேரத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் கத்தி இருந்தது நினைவிருக்கும். வித்தை கேம்களுக்கு இந்த மன்னிப்பு எப்போதும் வேண்டும், மோஷன் கன்ட்ரோல் சேர்ந்தால் இரட்டிப்பாக வேண்டும். சண்டைக் கட்டங்களில் கிராவிட்டி ரஷ் இதைக் கொஞ்சம் மறந்துவிடுகிறது. அந்தரத்தில் நின்று எதிரியின் சிவந்த கருவைக் குறிவைத்து உதைக்கப் பாய்ந்தால், எதிரி நகர்ந்துவிட்டால் வெறும் காற்றைத்தான் உதைப்போம். மறுபடி நின்று, திரும்பி, குறி வைத்து... பறக்கும் எதிரிகள் நிறைய வரும் இடங்களில் அது சலிப்புத் தட்டும்.

வாளின் கோணத்தைக் கை சொல்லும்போது

வாள் வீச்சுக்கு மோஷன் கன்ட்ரோல் சரிப்படவே சரிப்படாதா? சரிப்படும், கோணத்துக்கு மதிப்பு இருந்தால். நிண்டெண்டோவின் செல்டா வரிசையில் 2011இல் வந்த ஸ்கைவர்ட் ஸ்வார்ட் அதற்கு நல்ல சாட்சி. ஆடுவதற்கு மோஷன்பிளஸ் கட்டாயம், அதாவது கைரோ கட்டாயம். கையில் ரிமோட் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, திரையில் கதாநாயகன் லிங்க்கின் வாளும் அந்தக் கோணத்தில் இருக்கும். டெக்கு பாபா என்ற செடி-அரக்கனின் வாய் சில நேரம் படுக்கையாகத் திறக்கும், சில நேரம் நெடுக்காக. வாய் திறந்த கோட்டிலேயே வெட்டினால்தான் சாகும்.

முதல் கோயிலின் கடைசியில் வரும் கிராஹிம் என்ற எதிரி இன்னும் சுவாரசியமானவன். உங்கள் வாள் இருக்கும் பக்கத்தையே அவன் கை பின்தொடரும். நேராக வெட்டப் போனால் வாளையே பிடித்துவிடுவான். வாளை ஒரு பக்கமாக மெல்ல நீட்டி, அவன் கையை அங்கே இழுத்துவிட்டு, சட்டென்று இன்னொரு பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும். புதிதாக ஆடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள், பயத்தில் வேகவேகமாக வீசுவார்கள். இவன் கேட்பது வேகத்தை இல்லை. கை எங்கே நிற்கிறது என்று நீங்கள் கவனிப்பதைத்தான். இந்த மாதிரி ஒரு சண்டையைப் பட்டனில் யோசித்திருக்கவே முடியாது.

இதே கேமில் கயிற்றின் மேல் நடக்கும்போது ரிமோட்டைச் சாய்த்துச் சமநிலை பார்க்கலாம், பறவை மேல் ஏறிப் பறக்கும்போதும் சாய்த்தே திருப்பலாம். சுவரில் ஓடி ஏறுவது மட்டும் ஸ்டிக்கும் பட்டனும்தான். 2021இல் ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்த எச்டி பதிப்பில் வாளை வலது ஸ்டிக்கால் வீசும் வழியையும் சேர்த்தார்கள். கை நடுக்கம் உள்ளவர்கள், தோள்வலிக்காரர்கள், ஒரு கையால் மட்டும் ஆடுபவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். இப்படி ஒரு மாற்றுவழி எல்லாக் கேமிலும் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

ஆட உட்காரும்போது

முதலில் கன்ட்ரோலரைத் தட்டையான மேசையில் வைத்து அளவுதிருத்தம் செய்துவிடுங்கள். ஸ்விட்ச்சில் செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதியிலேயே இதற்கு இடம் இருக்கிறது. கைரோ சும்மா இருக்கும்போது எவ்வளவு பிழை காட்டுகிறது என்று கன்சோல் பார்த்து, அதைக் கழித்துக்கொள்ளும். மடியிலோ மெத்தையிலோ வைத்துச் செய்தால் துளி அசைவும் கணக்கில் சேர்ந்து, குறி முன்னைவிட அதிகமாக நகரத் தொடங்கும்.

கைப்பட்டையைக் கட்டாயம் மாட்டுங்கள். வீ வந்த முதல் மாதத்திலேயே ரிமோட் கைநழுவிப் பறந்த சம்பவங்களால் நிண்டெண்டோ தடிமனான பட்டைகளை மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ரிமோட்டுக்கு ரப்பர் உறை வேறு கொடுத்தது.

முழங்கையை மடியிலோ நாற்காலிக் கையிலோ ஊன்றி, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பழகுங்கள். புதியவர்கள் தோளிலிருந்து வீசுவார்கள், அரைமணியில் கை ஓய்ந்துவிடும். சென்சாருக்கு உங்கள் பலம் தேவையில்லை. கைரோவுக்கு விரற்கடை திருப்பம் போதும். வீச்சு வேண்டிய இடத்திலும் சின்னதாக, நறுக்கென்று, வீச்சுக்கும் வீச்சுக்கும் நடுவில் நிறுத்தி வீசினால் இரட்டை வெட்டு விழாது.

உணர்திறன் அளவு என்று ஒன்று பெரும்பாலான கேம்களில் இருக்கும். ஸ்டிக்குக்கு அதைத் தாராளமாகவும் கைரோவுக்கு நடுத்தரமாகவும் வைத்துத் தொடங்கலாம். பெரிய திருப்பத்தை ஸ்டிக் பார்த்துக்கொள்ளட்டும். குறி விலகினால் பொறுத்துக்கொண்டு ஆடாதீர்கள். ஸ்கைவர்ட் ஸ்வார்ட் எச்டியில் ஒய் பட்டனை அழுத்தினால் நடுவுக்கு வந்துவிடும். சண்டைக்கு முன் அதை ஒரு தட்டு தட்டிவிட்டு இறங்குவது நல்ல பழக்கம்.

ரயிலிலோ காரிலோ கையடக்கக் கன்சோலில் ஆடுவதென்றால் கைரோவை அணைத்துவிடுங்கள். வண்டி வளைவில் திரும்புவதும் உங்கள் கை திரும்புவதும் அதற்கு ஒன்றுதான். நேராகப் பிடித்திருந்தும் கேமரா தானாகச் சுழலும், கூடவே தலைசுற்றலும் வரும்.

எதில் தொடங்குவது என்றால், பிளேஸ்டேஷன் 4 அல்லது 5 இருப்பவர்களுக்குக் கிராவிட்டி ரஷ் ரீமாஸ்டர்ட். முதல் சில அத்தியாயங்கள் முடிந்து நகரம் திறந்தபின், கதையைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். நகரத்தில் சிதறிக் கிடக்கும் ஊதா மணிகளைப் பொறுக்கிக்கொண்டு, ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்கு விழுந்து விழுந்து போய்ப் பாருங்கள். சக்திகளை வளர்க்க அந்த மணிகள் எப்படியும் தேவைப்படும். எதிரிகள் துரத்தாத அந்த நேரத்தில்தான் ஸ்டிக்கை எங்கே விட்டு மணிக்கட்டை எங்கே தொடங்குவது என்று கைக்குப் பிடிபடும். ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் ஸ்கைவர்ட் ஸ்வார்டில் தொடங்கினால், ஊரிலுள்ள வாள்பயிற்சிக் கூடத்தில் மரத்தண்டுகளைப் படுக்கையாகவும் நெடுக்காகவும் சாய்வாகவும் வெட்டிப் பழகிவிட்டு வெளியே போங்கள்.